அறுகம்பையில் ஆகஸ்ட் மாதம்: பல வருடம் போய்வந்தவனின் கணக்கு

சுவிஸில் இருக்கும் நண்பன் போன கிழமை வாட்ஸ்அப்பில் கேட்டான். "மச்சான், ஆகஸ்டில பிள்ளைகளோட வாறம். அறுகம்பையில ரெண்டு கிழமை ரூம் போட்டா எப்பிடி? காடும் கடலும் ஒண்டா இருக்குமாமே?" பதில் எழுதத் தொடங்கினால் நீண்டுகொண்டே போகிறது. ஒவ்வொரு சீசனிலும் யாராவது இதே கேள்வியைக் கேட்கிறார்கள் என்பதால் எல்லாருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

நான் மட்டக்களப்புக் கல்லடிக்காரன். கிழக்குக் கரையில் பொத்துவிலுக்குப் பக்கத்தில், அலைச்சறுக்குக்குப் பேர்போன அறுகம்பைக்குப் பல வருடமாகப் போய்வருகிறேன், நண்பர்களோடும் குடும்பத்தோடும். பெரிய அலை உடையும் மெயின் பொயின்ட் முனை எங்கே, எந்த மாதம் அலை பெரிது என்பதெல்லாம் தேடினால் ஒரு நொடியில் கிடைக்கும், அதை நான் சொல்லத் தேவையில்லை. எனக்கு அந்த இடத்தின் மேல் ஒரு பெரிய குறை இருக்கிறது, அது காற்று.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை சீசன் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறார்கள். சரி, அது அலைக்குச் சீசன். மனிதருக்கு அப்படிச் சொல்ல முடியாது. தென்மேல் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, மலை இறங்கி நம் பக்கம் வரும்போது ஈரமே இல்லாமல் சுடச்சுட வருகிறது. இதுதான் நம் கச்சான். மட்டக்களப்பில் வளர்ந்தவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை: உதடு வெடிக்கும், தலை இடிக்கும், கொடியில் போட்ட சாரம் அரை மணியில் விறைத்துக் கிடக்கும். ஊரில் என்றால் கச்சான் வீசும் நேரத்தில் வீட்டுக்குள் இருப்போம், வளவில் வேப்பமர நிழல் இருக்கும், மத்தியானம் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுப் படுத்துவிடலாம். அறுகம்பையில் அப்படி இல்லை, காசு கொடுத்து வந்தவர்கள் பதினொரு மணிக்கு மேல் எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். மணலில் கால் வைக்க முடியாது. நிழலுள்ள கடைகளில் மேசை பிடிக்கப் போட்டி. மேசை கிடைத்தாலும் காற்று மணலை அள்ளிக்கொண்டு வந்து தட்டில் போடும், மீன் பொரியலில் பல்லுக்கு நறநறவென்று கடிபடும்.

இந்த நேரத்தில்தான் எந்த அறை எடுத்தோம் என்பது விளங்கும். ஒரு ஆகஸ்டில் ஏசி இருக்கிறது என்று சொன்ன விடுதி ஒன்றில் நின்றோம். சீற்றுக் கூரை, கீழே மெல்லிய பலகைச் சீலிங், மேற்குப் பார்த்த சுவர். மத்தியானம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் இருந்தது, ஆனால் அது முன்பக்கத்துக் கடைக்கு மட்டும்தானாம், அறைகளுக்கு இல்லையாம், அதைப் பிறகுதான் சொன்னார்கள். அக்காவின் மகள் அழுது அழுது ஈரத் துவாயைச் சுற்றிக்கொண்டு நிலத்தில் படுத்தாள். அந்த அறைக்கு அவர்கள் வாங்கியது மட்டக்களப்புக்கு வடக்கே பாசிக்குடாக் கடற்கரையில் நல்ல ஹொட்டேலுக்குக் கொடுக்கும் காசு. எனக்கு இப்போதும் கோபம் போகவில்லை, ஏனென்றால் அங்கே வீடு கட்டத் தெரியாமல் யாரும் இல்லை. அதே தெருவில் தென்னோலைக் கிடுகுக் கூரை போட்ட பழைய கபானாக்கள், அதாவது சின்னக் குடில்கள், இருக்கின்றன, இரண்டு பக்கமும் திறந்தது, தலைக்கு மேல் உயரம், கச்சான் ஒரு பக்கத்தால் புகுந்து மறுபக்கத்தால் போய்விடும். அதில் மின்விசிறி இல்லாமலே படுக்கலாம். வாடகையும் குறைவு. ஆனால் வெளிநாட்டிலிருந்து வருகிறவர் படத்தில் ஏசியைப் பார்த்துத்தான் பதிகிறார், அதனால் ஒவ்வொரு வருடமும் ஒரு கிடுகுக் கபானா போய் ஒரு கொங்கிரீட் பெட்டி வருகிறது. அறை பதியும்போது கேட்கவேண்டிய முதல் கேள்வி கூரை என்ன என்பதுதான், வைஃபையை எல்லாம் பிறகு கேட்கலாம்.

இவ்வளவு திட்டிவிட்டேன். இனி மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும், ஏனென்றால் இதே காற்றுக்காகத்தான் நானும் போகிறேன்.

விடிய ஐந்தரைக்கு எழும்பி மெயின் பொயின்ட் பக்கம் நடந்து பாருங்கள். அந்த நேரம் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். தெற்கே எங்கேயோ ஆழ்கடலில் கிளம்பிய அலை கரையோரமாக வந்து, முனையைச் சுற்றி வளைந்து, வலப்பக்கமாக நீளமாக உடையும். உடைய வரும் அலையைக் காற்று முன்னாலிருந்து தாங்கிப் பிடிக்கிறது. அதனால் அது உடனே விழாமல் நிமிர்ந்து நிற்கும், முகம் முழுக்கச் சுருக்கமில்லாமல், உச்சியிலிருந்து நீர்த்தூள் பின்பக்கமாகப் பறக்கும். சூரியன் கடலிலிருந்து எழும்பும்போது அந்தத் தூளுக்குள் வெளிச்சம் புகுந்து ஒரு கணம் அலையே மஞ்சளாகும். நான் பலகை ஏறுகிறவன் இல்லை. கரைப் பாறையில் இருந்து பார்ப்பவன்தான். ஒன்பது மணிவரைக்கும் எழும்ப மனம் வராது.

அந்த நேரத்தில் தண்ணீரில் இருப்பவர்களில் நம் பொடியன்களும் இருக்கிறார்கள் என்பது எனக்கு இன்னொரு சந்தோசம். அறுகம்பைக் கடற்கரை ஊரான உல்லையில் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இப்போது நன்றாகச் சறுக்குகிறார்கள், வெளிநாட்டவருக்குப் படிப்பித்துச் சம்பாதிக்கிறார்கள். என் மருமகன் சின்ன அலை வரும் பேபி பொயின்டில் ஒரு உல்லைத் தம்பியிடம்தான் பழகினான். தமிழிலேயே சொல்லிக் கொடுத்தார், "பாக்காத, எழும்பு, எழும்பு" என்று பின்னாலிருந்து கத்துவார். பழக வருகிறவர்கள் அங்கேதான் தொடங்க வேண்டும். மெயின் பொயின்டில் கீழே கல்லும் பாறையும், முதல் நாளே அங்கே இறங்கிக் காலைக் கிழித்துக்கொண்டு பொத்துவில் ஆதார வைத்தியசாலைக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு சீசனிலும் உண்டு. சின்னப் பிள்ளைகளைக் குளிக்க விடுவதென்றால் தோணிகள் ஏற்றி வைத்திருக்கும் வளைவுப் பக்கம் பரவாயில்லை, அதுவும் கிட்ட நின்று பார்த்துக்கொண்டு.

காட்டைப் பற்றிக் கேட்டானே. காடு இருக்கிறது, ஆனால் படத்தில் இருக்கும் பச்சைக் காடு மாரி முடிந்த கையோடு, பெப்ரவரி மார்ச்சில். ஆகஸ்டில் அது காய்ந்த பற்றைக்காடு, கச்சான் இலையை எல்லாம் உதிர்த்திருக்கும். குளங்கள் வற்றும். வற்றினால் யானை தண்ணீருக்கு இறங்கும். லகுகலைக் குளத்தில் இந்த மாதங்களில் பின்னேரம் கூட்டமாகப் புல் மேய்வதை ஏ4 வீதிப் பக்கத்திலிருந்தே பார்க்கலாம், ஜீப்பும் வேண்டாம், டிக்கெட்டும் வேண்டாம். ஆனால் அதே காரணத்தால் தெற்கே பாணமைக்குப் போகும் பாதையில் இருட்டினால் நடமாடக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் பாதையிலுள்ள பீனட் ஃபார்ம் கடற்கரையில் பின்னேர அலைக்கு நின்றுவிட்டு ஆறரைக்கு ஸ்கூட்டரில் திரும்புகிறவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், பின்னால் பிள்ளையும் இருக்கும். ஸ்கூட்டர் வாடகைக்குக் கொடுக்கிறவர்களில் ஒருவர்கூட இதைச் சொல்லிக் கொடுப்பதாகத் தெரியவில்லை. ஓட்டோக்காரர்களுக்குத் தெரியும். யானை வீதியில் நின்றால் தூரத்திலேயே நிறுத்திவிட்டு, ஹோன் அடிக்காமல், அது போகும்வரை பொறுத்திருப்பார்கள். ஆகவே தெற்குப் பக்கம் போவதென்றால் ஓட்டோ, ஐந்து மணிக்குத் திரும்புவது என்று முதலிலேயே பேசிக்கொள்வது. களப்புகளில் முதலையும் உண்டு. 2017இல் எலிஃபன்ட் ரொக் கடற்கரைப் பக்கம் ஒரு இளம் பிரித்தானியப் பத்திரிகையாளரை முதலை பிடித்து, அவர் இறந்துபோனார். உடம்பில் கடல் உப்பைக் கழுவ அந்தப் பக்கத்து ஓடை, களப்பு எதிலும் இறங்கவே கூடாது.

பாணமை தாண்டி உகந்தைக்குப் போங்கள், அதை விடாதீர்கள். நம் ஆட்களுக்கு இந்தக் காட்டுப்பாதை அலைச்சறுக்கால் தெரிந்த பாதை அல்ல. கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் உகந்தமலை முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் குமணைக் காட்டுக்குள் இறங்குவார்கள். கோவிலுக்கு முன்னாலுள்ள கடலிலும் இப்போது பலகையோடு ஆட்கள் வருகிறார்கள், அது பரவாயில்லை, ஆனால் கோவில் வாசலில் நீச்சல் உடுப்போடு நிற்பவர்களைப் பார்க்கும்போது ஒரு சாரத்தையாவது சுற்றிக்கொண்டு வரச் சொல்லி அவர்களைக் கூட்டிவருகிறவர் சொல்லவேண்டாமா என்று இருக்கும். குமணைச் சரணாலயத்துக்குள் போவதென்றால் உள்ளூராருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டாருக்குப் பல மடங்கு. சுவிஸ் கடவுச்சீட்டை மட்டும் நீட்டினால் வெளிநாட்டுக் கட்டணம்தான். இலங்கை அடையாள அட்டை இன்னும் கையில் இருப்பவர்கள் அதைக் கொண்டு வாருங்கள்.

சாப்பாடு பற்றி அதிகம் இல்லை. உல்லைத் தெருவில் காலையில் அவகாடோ, பழக் கிண்ணம், கோப்பி எல்லாம் நல்ல தரத்தில் கிடைக்கும், விலை வெளிநாட்டு பேர்ஸை வைத்துப் போட்டது. இடியப்பமும் சொதியும் வேண்டுமென்றால் பாலம் தாண்டிப் பொத்துவில் டவுனுக்குப் போகவேண்டும், அங்கே முஸ்லிம் கடைகளில் காலைச் சாப்பாடும் இரவில் கொத்தும் பிரமாதம், விலையும் ஊர் விலை. டவுனுக்குப் போகும்போது உடுப்பைப் பார்த்து உடுத்துங்கள், அது கட்டுப்பாடான ஊர். பௌர்ணமிப் போயா நாளோடு சேர்ந்து வரும் நீண்ட விடுமுறைகளில் வான் வண்டிகளில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. சல்வாரோடு குளிக்கும் நம் பெண்களை அவர்கள் முறைத்துப் பார்ப்பது என் மனைவிக்குப் பெரிய எரிச்சல், அவள் சொல்வது சரி. அந்த நாட்களைத் தவிருங்கள்.

பின்னேரம் கச்சான் கொஞ்சம் அடங்கினதும் பாலத்துக்கு வாருங்கள். 2004 ஆழிப்பேரலை பழைய பாலத்தை உடைத்துவிட்டது, இப்போது நிற்பது பிறகு அமெரிக்க உதவியில் கட்டியது. கடலைப் பார்த்து இருந்தால் சூரியன் மறைவது தெரியாது, அது நமக்குப் பின்னால் களப்புக்கு அப்பால், மலைப் பக்கம் இறங்கும். வீச்சுவலை எறிகிறவர்கள் பாலத்தடியில் முழங்கால் தண்ணீரில் நிற்பார்கள். மணலை வாயிலிருந்து துப்பிக்கொண்டு மத்தியானம் முழுக்கக் கத்திய அதே பிள்ளைகள் அங்கே வந்ததும் அமைதியாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே நண்பனுக்குச் சொல்வது இதுதான். ஆகஸ்டில் இரண்டு கிழமை வேண்டாம். பிள்ளைகளுக்குக் கடல்தான் வேண்டுமென்றால் பாசிக்குடாவில் நில், அந்த மாதங்களில் கடல் அங்கே அசையாமல் கிடக்கும், வெகுதூரம் போனாலும் இடுப்பளவுதான். அறுகம்பைக்கு மே மாதமோ செப்டம்பர் கடைசியோ வா, அறையும் மலிவு, வெயிலும் ஓரளவு தாங்கலாம். பிள்ளைகளின் பள்ளிக்கூட லீவு ஆகஸ்டில்தான், வேறு வழியில்லை என்றால் மூன்று இரவு, அதற்கு மேல் வேண்டாம், கிடுகுக் கூரை. மட்டக்களப்பிலிருந்து நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல், விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டால் கல்முனை நெரிசலும் இல்லை, கோமாரி தாண்டும்போது விடிந்திருக்கும், அந்தப் பக்கமும் யானை வருகிற இடம்தான், வெளிச்சத்தில் கடப்பது நல்லது.

இவ்வளவும் எழுதிவிட்டு நேற்று உல்லையில் எனக்குத் தெரிந்த கபானாக்காரருக்கு அழைத்தேன். ஆகஸ்ட் முதல் கிழமையில் இரண்டு கபானா சொல்லிவைத்திருக்கிறேன், ஒன்று அவனுக்கு, ஒன்று எங்களுக்கு. கடல் பக்கம் இருப்பது எங்களுடையது.