இஎஸ்ஐ வேலையிழப்புப் பணம் வாங்கித் தருகிறேன் என்பவரிடம் ஏமாறாதீர்கள்

பேரணாம்பட்டு, குடியாத்தம், ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை போன அக்கா தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் ஒன்பது வருஷம் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைத்தவள். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதும் ஆர்டர் குறைந்தது. செப்டம்பர் கடைசியில் எங்கள் லைனில் பலருக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

மாதாமாதம் சம்பளத்தில் இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிப்பார்களே, அதில் வேலை போனால் கிடைக்கிற பணம் ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று பெயர். 2018 ஜூலை 1-இல் தொடங்கியது. முதலில் நாள் சம்பளத்தின் சராசரியில் கால் பங்குதான் தந்தார்கள். கொரோனா காலத்தில் அதைப் பாதியாக உயர்த்தினார்கள். 90 நாள் வரைக்கும் கிடைக்கும், ஆயுளில் ஒரு முறைதான். என் சம்பளத்துக்குக் கணக்குப் போட்டால் பதினாறாயிரம் ரூபாய் பக்கம் வரும். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிற வீட்டில் அது எவ்வளவு பெரிய பணம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வேலை போய் 30 நாள் ஆனதும் இஎஸ்ஐ அலுவலகத்துக்குப் போனேன். எந்த ஊர் அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். மகளிர் இலவசம் டவுன் பஸ்ஸுக்குத்தான், வெளியூர் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாக வேண்டும். கேட்டிலேயே வாட்ச்மேன் நிறுத்தி, "எல்லாம் ஆன்லைன்மா, இங்க எதுக்கு வர்றீங்க" என்றார். உள்ளே ஒருவரிடம் கேட்டுவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சினேன், விடவில்லை. இன்னொரு நாள் போனபோது சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். மூன்றாவது முறை சாப்பாட்டு நேரம். மூன்று நாளும் என்னைப் போலவே கையில் மஞ்சப்பையோடு நாலைந்து பேர் மரத்தடியில் நின்றிருந்தார்கள். அதில் ஒரு பெரியவர் நடக்கவே முடியாதவர். அவரைப் பார்த்தபோது எனக்கு என் பணத்தை விட அதுதான் வலித்தது.

அந்த மரத்தடியில்தான் அந்த ஆளைப் பார்த்தேன். "அக்கா, நம்ம கடைக்கு வாங்க, உள்ள நமக்கு ஆள் இருக்கு, ரெண்டே வாரத்துல பணம் ஏறிடும்" என்றார். பக்கத்திலேயே பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார். ஆதார், பேங்க் பாஸ்புக், இன்சூரன்ஸ் நம்பர் எல்லாம் வாங்கிக்கொண்டு 1,500 ரூபாய் கேட்டார். கொடுத்தேன். ரசீது இல்லை. போட்ட விண்ணப்பத்தின் நகலும் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

நவம்பர் முடிந்தது. "ஆபீஸ்ல ஃபைல் நகரலக்கா, 500 குடுத்தா நகரும்." கொடுத்தேன். டிசம்பரில் இன்னொரு 500. ஜனவரி பொங்கலுக்கு அப்புறமும் ஒன்றும் வரவில்லை. கடைசியில் என் தம்பி மகன் போனில் பார்த்துக் கண்டுபிடித்துச் சொன்னான், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. விண்ணப்பத்தில் என் போன் நம்பருக்குப் பதிலாக அந்த ஆள் தன் நம்பரைப் போட்டிருக்கிறார். பெயர் பொருந்தவில்லை என்று அது எப்போதோ திரும்பி வந்திருக்கிறது. அந்தத் தகவலும் ஓடிபியும் எல்லாம் அவர் போனுக்கே போயிருக்கின்றன. திரும்பி வந்தது தெரிந்தேதான் அந்த ஆயிரத்தையும் என்னிடம் வாங்கியிருக்கிறார்.

தப்பு இவ்வளவுதான்: இஎஸ்ஐ பதிவில் என் அப்பா பெயரின் இனிஷியல், ஆதாரில் கணவர் பெயரின் இனிஷியல். அந்தக் கேட்டைத் தாண்டி ஐந்து நிமிஷம் யாராவது பேசியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். கதவை மூடி வைப்பதால்தான் கதவுக்கு வெளியே இப்படிப்பட்டவர்கள் பிழைக்கிறார்கள். நான் அந்த ஆள் மேல் எவ்வளவு கோபப்படுகிறேனோ அவ்வளவு கோபம் அந்த மூடிய கேட் மேலும் இருக்கிறது.

அப்புறம் நான் செய்ததைச் சொல்கிறேன். 1800-11-2526 என்ற இஎஸ்ஐ இலவச எண்ணுக்குப் போன் போட்டேன். திங்கட்கிழமை வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் நடக்கிற குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தேன். இஎஸ்ஐ மத்திய அரசுடையது என்றாலும் மனுவை வாங்கிப் பதிவு எண் கொடுத்தார்கள். அந்த எண்ணைக் காட்டியதும்தான் என்னை அலுவலகத்துக்குள் விட்டார்கள். உள்ளே இருந்த ஒரு அம்மா நல்லவிதமாகப் பேசி, ஆதார் நகலோடு பெயர் திருத்தத்துக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னார். இரண்டு நகல் எடுத்துப் போய், ஒன்றில் சீலும் தேதியும் வாங்கிக்கொண்டேன்.

நீங்களும் வெறுங்கையோடு திரும்பாதீர்கள். உள்ளே விடவில்லையா, அதே கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் என் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய்தான், 30 நாளில் பதில் தர வேண்டும். கம்பெனியில் வேலையை விட்டு வரும்போதே உங்கள் பெயரும் போன் நம்பரும் இஎஸ்ஐ பதிவில் ஆதாரில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். வந்த பிறகு ஓடுவது ரொம்பக் கஷ்டம். கடையில் விண்ணப்பம் போட்டே ஆக வேண்டும் என்றால், போன் நம்பர் இருக்கிற இடத்தை உங்கள் கண்ணால் பாருங்கள், அச்செடுத்த நகலைக் கையில் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். உள்ளே ஆள் இருக்கிறது என்று சொன்னால் அந்த நிமிஷமே எழுந்து வந்துவிடுங்கள்.

பெயர் திருத்தம் ஆகி, விண்ணப்பத்தை மறுபடி என் நம்பரிலேயே போட்டிருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. அந்த ஆளிடம் போன 2,500 ரூபாய் பற்றிப் போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதே கடையில் பணம் கொடுத்த எங்கள் லைன் அக்கா இருவர் என்னோடு வந்து கையெழுத்துப் போட்டார்கள். இன்னும் யாராவது கொடுத்திருந்தால் தயங்காமல் முன்னே வாருங்கள்.