பாம்பன் கரையில் இரண்டு சாட்சிகள்: செல் முதலா, உடல் முதலா?

பாடப்புத்தகத்தில் செல் கோட்பாடு மூன்று வரியில் முடிந்துவிடும். உயிர்கள் எல்லாம் செல்லால் ஆனவை. உயிரின் அமைப்புக்கும் செயலுக்கும் அடிப்படை அலகு செல். ஏற்கெனவே இருக்கிற செல்லிலிருந்துதான் புதிய செல் வரும். பக்கத்தில் ஷ்லைடன், ஷ்வான், விர்ச்சோ என்று மூன்று பெயர். மண்டபம் பக்கம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறவன் நான். இந்த மூன்று வரியையும் ஒரே மூச்சில் ஒப்பிக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. இந்தக் கோட்பாடு இரண்டு பெரிய சண்டைகளைப் பார்த்தது. ஒன்றில் எதிர்த்தரப்பு முழுசாகத் தோற்றது. இன்னொன்று அப்படி முடியவில்லை. அந்த இரண்டாவது வழக்கில் இரு தரப்புக்கும் சாட்சி சொல்லக்கூடிய உயிர்கள் நம் தென்கடலிலேயே இருக்கின்றன.

முதல் சண்டை: செல் எப்படிப் பிறக்கிறது?

1665-இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் பார்த்தவை செத்துப்போன வெறும் சுவர்கள். செல்லுக்குள் உட்கரு என்று ஒன்று இருப்பதை 1831-இல் ராபர்ட் பிரௌன் ஆர்க்கிட் செடிகளில் எடுத்துக்காட்டிய பிறகுதான் கதை சூடுபிடிக்கிறது. 1838-இல் ஷ்லைடன் தாவரங்களுக்கும், 1839-இல் ஷ்வான் விலங்குகளுக்கும், உடல் செல்லால் ஆனது என்று நிறுவினார்கள். அதுவரை சரி. ஆனால் புதுச் செல் பிறப்பதற்கு அவர்கள் சொன்ன விளக்கம் வேறு. வாலிநோக்கம் உப்பளத்தில் பாத்தி நீர் முற்றியதும் உப்புப் பூக்கிறதல்லவா, ஏறக்குறைய அப்படித்தான்: உருவமற்ற ஒரு திரவத்தில் முதலில் ஒரு மணி திரளும், அதைச் சுற்றி உட்கரு, உட்கருவைச் சுற்றிச் செல் என்றார்கள்.

இதைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது. ஷ்லைடன் பார்த்த இடம் தாவரக் கருப்பை, அதாவது சூலுக்குள் கரு வளரும் பை. பல செடிகளில் அங்கே முதலில் உட்கருக்கள் மட்டும் பெருகும், சுவர்கள் பிறகுதான் எழும். இளநீரும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். இளம் காயின் நீரில் சுவரில்லாமல் உட்கருக்கள் மிதக்கும், பின்னால் ஓட்டை ஒட்டி வழுக்கை படியும்போது செல்கள் உருவாகும். சுவர் எழுவதை மட்டும் கண்டவருக்கு, செல் திரவத்திலிருந்து திரண்டது போலத்தான் தெரியும். உட்கருக்கள் ஏற்கெனவே இருந்த உட்கருவிலிருந்து பிளந்து வந்தவை என்பது அன்றைய நுண்ணோக்கியில் எளிதில் பிடிபடும் விஷயமல்ல.

எதிர்த்தரப்பு வாதம்: செல் பிளந்துதான் செல் வரும். 1832-இல் டுமோர்ட்டியே இழைப்பாசியில் குறுக்குச் சுவர் எழுந்து ஒரு செல் இரண்டாவதைக் கண்டார். சில ஆண்டுகளில் ஹூகோ ஃபான் மோலும் பாசியிலேயே அதைக் கண்டார். ஆனால் பாசிக்குச் சரி, விலங்குக்கு எப்படி என்ற கேள்வி நின்றது. அதற்குப் பதில் தேடித் தந்தவர் ராபர்ட் ரேமாக். கோழிக்கருவின் இரத்தச் செல்கள் பிளப்பதைப் பார்த்துத் தொடங்கி, தவளை முட்டையைக் கெட்டிப்படுத்திப் பார்த்து, ஒரு முட்டைச் செல் பிளந்து பிளந்தே உடலாகிறது என்று 1852-இல் எழுதினார். திரவத்திலிருந்து செல் தோன்றுகிறது என்பது, சேற்றிலிருந்து உயிர் தானாகத் தோன்றுகிறது என்பதற்குச் சமம் என்று அவர் அப்போதே கண்டித்தார். 1855-இல் விர்ச்சோ "எல்லாச் செல்லும் செல்லிலிருந்தே" என்ற வாக்கியத்தைப் பிரபலமாக்கினார். அந்த வாக்கியத்தைக்கூட 1825-லேயே ரஸ்பாய் என்ற பிரெஞ்சுக்காரர் பயன்படுத்திவிட்டார்.

இந்தச் சண்டையில் பிளவுத் தரப்புக்கு முழு வெற்றி. ஆனால் பாடத்தில் விர்ச்சோவின் பெயர் இருக்க, ரேமாக்கின் பெயர் இல்லாமல் போவது அநியாயம். யூதரான அவர் மதம் மாற மறுத்ததால், பிரஷ்ய அரசு அவருக்குக் கடைசிவரை முழுப் பேராசிரியர் பதவி தரவில்லை. நான் அந்த மூன்றாவது வரியைச் சொல்லும்போது ரேமாக் பெயரைத்தான் முதலில் சொல்கிறேன்.

இரண்டாவது சண்டை: அலகு எது?

செல் தரப்பு சொல்வது: செல்கள் கூடி உடலைக் கட்டுகின்றன. உடல் தரப்பு சொல்வது: உடல் ஒன்றாக வளர்கிறது, வசதிக்கு ஏற்பத் தன்னை அறைகளாகத் தடுத்துக்கொள்கிறது. ஜெர்மன் தாவரவியலாளர் டி பாரி 1879-இல் இதை இப்படிச் சுருக்கினார்: தாவரம்தான் செல்களை உண்டாக்குகிறது, செல் தாவரத்தை உண்டாக்குவதில்லை. 1893-இல் அமெரிக்காவின் விட்மன், கரு வளர்ச்சியை விளக்கச் செல் கோட்பாடு போதாது என்று எழுதினார்.

செல் தரப்புக்கு நம் சாட்சி கடற்பஞ்சு. மன்னார் வளைகுடாவில் பவளத்திட்டை ஒட்டி ஏராளமாக இருக்கிறது. 1907-இல் எச். வி. வில்சன் அமெரிக்காவின் வட கரோலினா கரையில், உயிருள்ள கடற்பஞ்சை மெல்லிய பட்டுத்துணியில் வைத்துக் கடல்நீருக்குள் பிழிந்தார். அடியில் தனித்தனிச் செல்களும் சிறு திரள்களும் மேகம்போல் படிந்தன. அவை ஊர்ந்து ஒன்றோடொன்று ஒட்டின, திரண்டன, சில வாரங்களில் துளையும் நீர்ப்பாதையும் கொண்ட புதுக் கடற்பஞ்சு ஆயின. உடல் என்று ஒன்றே இல்லாத நிலையிலிருந்து செல்கள் உடலைக் கட்டிவிட்டன. செல் தரப்புக்கு இதைவிட வலுவான சான்று கிடைப்பது கடினம்.

உடல் தரப்பின் சாட்சி காலெர்ப்பா, கடல் திராட்சை என்று சொல்லும் பச்சைப் பாசியின் இனம். மண்டபம் கரையோரத்தில் பாறையிலும் மணலிலும் படர்ந்திருக்கும். படரும் தண்டு, மணலைப் பற்றும் வேர்போன்ற இழைகள், மேலே நிமிரும் இலை அல்லது குண்டுகுண்டான கொத்து என்று பார்த்தால் கொடி மாதிரியே இருக்கும். குறுக்கே நறுக்கி நுண்ணோக்கியில் வையுங்கள். வெங்காயத் தோலில் தெரிகிற கட்டம் ஒன்றுகூட இருக்காது. வெளிச்சுவர் ஒன்று, உள்ளே ஒரு பக்கத்துச் சுவரிலிருந்து எதிர்ப்பக்கம்வரை முட்டுக்கொடுத்த மெல்லிய கம்பிகள், நடுவில் ஓடிக்கொண்டே இருக்கும் பச்சைக் கூழ், அதில் எண்ணற்ற உட்கருக்கள். சில இனங்கள் மீட்டர் கணக்கில் நீளும், ஆனாலும் தடுப்பே இல்லாத ஒரே செல்தான். வெட்டினால் கூழ் முழுதும் வடிந்துவிட வேண்டும். வடியாது. சில நிமிடங்களில் வெட்டுவாயில் ஓர் அடைப்பு உறைந்துவிடும், துண்டு தனியாகவே வளரும்.

பாசி எடுக்கப் போகிற அக்கா ஒருவர், "வேரோட பிடுங்குனா அடுத்த தடவைக்கு ஒண்ணும் இருக்காது தம்பி, கிள்ளி எடுத்தா மறுபடி தழைஞ்சிரும்" என்று சொன்னது மரிக்கொழுந்துப் பாசியைப் பற்றி. அது முறையாகச் செல்கள் அடுக்கிய உடல். தழைப்பதற்குச் செல் பிரிவு வேண்டும். காலெர்ப்பாவோ செல்லைத் தடுத்துப் பிரிக்காமலே தண்டும் இலையும் வேரும் வகுத்துவிடுகிறது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த ஒரே கூழுக்குள் அடிமுதல் நுனிவரை பகுதிக்குப் பகுதி வேறு வேறு மரபணுச் செய்திகள் இயங்குவதைக் காட்டியது. வடிவம் வகுக்கத் தடுப்புச்சுவர் கட்டாயமில்லை என்பதற்கு இதுவே போதும்.

(மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள பகுதி 1986-இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே கடற்பஞ்சையோ பாசியையோ தொடக் கூடாது.)

ஆக, எந்தக் கேள்விக்கு எந்தத் தரப்பு என்று பிரித்துத்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். நோய் எங்கே தொடங்குகிறது, புற்று எப்படிப் பெருகுகிறது, மரபு எதன் வழியாகக் கடக்கிறது என்றால் நான் செல் பக்கம். உடலின் வடிவம் எங்கிருந்து வருகிறது என்றால் உடல் தரப்புக்குப் பாதி இடமாவது தர வேண்டும். "எல்லா உயிரும் செல்லால் ஆனவை" என்ற முதல் வரியைக் காலெர்ப்பா உடைக்கவில்லை, ஒரு செல்லும் ஓர் உயிர்தானே. ஆனால் செல் என்றால் ஓர் உட்கரு கொண்ட சிறு அறை என்று பிள்ளைகள் மனதில் பதிந்திருக்கும் படத்தை அது உடைக்கிறது. நம் எலும்புத்தசை இழையும் பல உட்கருக்கள் கொண்டதுதான்.

மூன்றாவது வரிக்கு மட்டும் காலெர்ப்பாவாலும் சேதமில்லை. இனப்பெருக்கக் காலம் வந்ததும் ஓரிரவில் அதன் கூழ் முழுதும் உட்கருவுக்கு ஒன்றாகப் பிரிந்து இனச்செல்களாகிவிடும். விடியும் வேளையில் அவை மொத்தமாகக் கடலில் வெளியேறும், பழைய உடல் வெளுத்த கூடாக மிஞ்சும். இரண்டு கசையிழைகளால் நீந்தும் அந்த இனச்செல்கள் இரண்டிரண்டாக இணைந்து ஓர் உட்கரு கொண்ட ஒரு சிறு செல் ஆகும். அடுத்த கொடி அதிலிருந்துதான் தொடங்குகிறது, ரேமாக்கின் தவளை முட்டையைப் போலவே.