நீராவியும் வெந்நீரும்: 13 குளிர்காலங்களின் கணக்கு

9 குளிர்காலம், அறையைச் சூடாக்க நீராவி ரேடியேட்டர் (உள்ளே நீராவி நிறைந்து சூடாகும் இரும்புச் சாதனம்) இருந்த வீட்டில் குடியிருந்தேன். அப்புறம் மாறி வந்த வீட்டில் வெந்நீர் சுற்றி ஓடும் அமைப்பு. இதோடு 4 குளிர்காலம் ஆகிறது. வீடு சூடாகவில்லை என்றால் எல்லோரும் முதலில் பாய்லரைத்தான் முறைக்கிறோம். நானும் முறைத்திருக்கிறேன். ஆனால் எனக்கு வந்த தொல்லைகளில் முக்கால்வாசி, வெளியேற வழியில்லாத காற்றாலோ, இறங்க வழியில்லாத தண்ணீராலோ வந்தவை.

பழைய வீட்டில் இருந்தது ஒற்றைக் குழாய் அமைப்பு. நீராவி மேலே ஏறுவதும், அது குளிர்ந்து தண்ணீராகிக் கீழே இறங்குவதும் ஒரே குழாயில். தண்ணீர் எங்காவது தேங்கினால், பின்னால் வேகமாக வரும் நீராவி அதை அப்படியே தூக்கிக் குழாய் வளைவில் அறையும். எங்கள் படுக்கையறை ரேடியேட்டர் தினமும் விடியற்காலையில் டமார் டமார் என்று அடித்து எழுப்பியது இப்படித்தான். அது தெரியாமல், குழாய் ரேடியேட்டரில் சேரும் இடத்தில் உள்ள வால்வைப் பாதி மூடிப் பார்த்தேன்; சத்தம் இன்னும் கூடியது. ஒற்றைக் குழாயில் அந்த வால்வு முழுக்கத் திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் முழுக்க மூடியிருக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் இறங்குகிற தண்ணீருக்கு வழி அடைபடும்.

கடைசியில் ரேடியேட்டர் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குமிழி வால்வு இருக்கும் பக்கம் போய் நின்றது. அதாவது அந்தப் பக்கம் உயர்ந்து, எதிர்க்கோடியில் தரைப்பலகை அமுங்கிவிட்டிருந்தது. தண்ணீர் வால்வை நோக்கி இறங்க வேண்டியது, அந்த மூலையிலேயே குளம் கட்டி நின்றிருக்கிறது. எதிர்க்கோடிக் கால்களுக்கு அடியில் மெல்லிய மரத்துண்டு ஒன்று வைத்து முட்டுக் கொடுத்தேன். மறுநாள் காலை சத்தமே இல்லை. அலாரம் வைக்க வேண்டியதாகிவிட்டது என்பது வேறு விஷயம்.

இன்னொரு அறை ரேடியேட்டர் சூடாகவே மறுத்தது. அதன் பக்கவாட்டில் இருக்கும் சின்ன ஏர் வென்ட், உள்ளே இருக்கும் காற்றை வெளியே விட்டு, நீராவி வந்து தொட்டதும் மூடிக்கொள்ள வேண்டும். பாய்லரை அணைத்து ஆறவிட்டு, அதைக் கழற்றி வாயால் ஊதினேன், காற்று போகவில்லை. காற்று வெளியேறாத இடத்துக்குள் நீராவி எப்படி நுழையும்? வினிகரில் ஊறவைத்தேன், 2 வாரம் தாங்கியது. புதிது வாங்கிப் போட்டதும் சரியானது.

எனக்கு முன்பு இருந்த யாரோ, சூடு போதவில்லை என்று அழுத்தத்தை ஏற்றி வைத்திருந்தார்கள். வீட்டு நீராவிக்கு 2 பிஎஸ்ஐக்குக் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு) கீழேயே தாராளம். அதற்கு மேல் ஏற்றினால் எரிபொருள்தான் கரியாகும். அழுத்தமானியின் கீழே சுருண்டிருக்கும் குழாயில் துருச்சேறு அடைத்திருந்தால் முள் காட்டுவதையும் நம்ப முடியாது, அழுத்தக் கட்டுப்பாடும் வேலை செய்யாது. ஆண்டுக்கு ஒருமுறை அந்தச் சுருளைச் சுத்தம் செய்தாக வேண்டும்.

வாராவாரம் ஒரு வேலை உண்டு. தண்ணீர் குறைந்தால் பாய்லரை நிறுத்தும் மிதவைப் பெட்டியிலிருந்து, பாய்லர் எரியும்போதே வாளியில் தண்ணீரைத் திறந்துவிடுவது. செங்கல் நிறத்தில் கொட்ட ஆரம்பித்து மெல்லத் தெளியும். அதற்குள் பாய்லர் தானாக அணைய வேண்டும். அணையாவிட்டால் அதை ஓட்டாதீர்கள். பாய்லரில் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக்குழாய் காலியாக இருந்து பாய்லர் கொதித்துக்கொண்டிருந்தால், பதறிப்போய்ப் பச்சைத் தண்ணீரை விடவும் கூடாது, வார்ப்பிரும்பு விரிசல் விடும். அணைத்துவிட்டு ஆறும்வரை காத்திருங்கள்.

தண்ணீர் சேர்க்கும் தேதியைப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் குறித்து வந்தேன். 7ஆம் குளிர்காலத்தில் குறிப்புகள் நெருங்கி வந்தன: மாதம் ஒருமுறை சேர்த்தது, வாரம் இருமுறை ஆனது. தண்ணீரைப் பாய்லருக்குத் திரும்பக் கொண்டுவரும், தரைக்கு அடியில் புதைந்திருந்த குழாய் ஒழுகியிருக்கிறது. புதுத் தண்ணீரோடு ஆக்சிஜனும் வருவதால், அடிக்கடி சேர்த்தால் பாய்லரே உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

வெந்நீர் அமைப்பு சத்தமில்லாத பிராணி. மாடி ரேடியேட்டர் அடியில் சூடாகவும் மேலே சில்லென்றும் இருந்தால் காற்று சேர்ந்திருக்கிறது. ரேடியேட்டர் மேல்பக்கத்தில் இருக்கும் காற்றுத் திருகைச் சின்னச் சாவியால் மெல்லத் திறந்தால் முதலில் சீறும், அப்புறம் துப்பும், கடைசியில் தண்ணீர் சீராக வரும். கீழே துணி வையுங்கள், அந்தத் தண்ணீர் கறுப்பாக இருக்கும். முடித்ததும் அழுத்தத்தைப் பாருங்கள். இரண்டு மாடி வீட்டுக்குக் குளிர்ந்த நிலையில் 12 பிஎஸ்ஐ வழக்கம். 1 பிஎஸ்ஐ தண்ணீரைச் சுமார் 2.3 அடிதான் ஏற்றும் என்பதால், அழுத்தம் குறைந்தால் மாடிக்குத் தண்ணீர் எட்டாது.

போன வருடம் 30 பிஎஸ்ஐயில் திறக்கும் பாதுகாப்பு வால்வு சொட்ட ஆரம்பித்தது. பழுது பார்க்க வந்தவர் வால்வை மாற்றிவிட்டுப் போனார். புதியதும் ஒரு வாரத்தில் சொட்டியது. சூடாகும் தண்ணீர் விரிவதற்கு இடம் கொடுக்கும் தொட்டியின் காற்று வால்வை, சைக்கிள் டியூபில் அழுத்துவது போல விரல்நகத்தால் அழுத்தினேன். காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தது. உள்ளே காற்றையும் தண்ணீரையும் பிரிக்கும் ரப்பர்த் திரை கிழிந்திருக்கிறது; தண்ணீர் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறியிருக்கிறது. வால்வு பாவம், தன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

பர்னர், புகைபோக்கி இரண்டிலும் நான் கை வைப்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை அதற்கென்று தெரிந்தவர் வந்து பார்க்கிறார். கார்பன் மோனாக்சைடு அலாரம் படுக்கையறைக்கு வெளியே இருக்கிறது.

இப்போது வரவேற்பறை ரேடியேட்டரில் சலசலவென்று சத்தம் கேட்கிறது. ஒரே மாதத்தில் இரண்டு முறை காற்றை வெளியேற்றிவிட்டேன். அழுத்தமும் கொஞ்சம் இறங்குகிறது. பம்புக்குப் பக்கத்துச் செம்புக்குழாய் இணைப்பில் பச்சைக் கறை தெரிகிறது. நாளைக்கு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.