டிஷ்ஷை நிறுத்தலாமா? சாட்ஸ்வர்த் வீட்டில் நான்கு மாதம்

போன மாதத்தோடு டிஷ் சந்தாவை நிறுத்திவிட்டேன். டிஷ் மட்டும் இன்னும் சுவரில் நிற்கிறது. வீட்டுக்கார ஆன்ட்டி துணி காயப்போடும் கயிற்றின் ஒரு முனையை அதில்தான் கட்டியிருக்கிறார் என்பதால் கழற்ற அனுமதி கிடைக்கவில்லை. இப்போது வீட்டில் ஓடுவது ஃபைபர் லைனில் வரும் இரண்டு ஸ்ட்ரீமிங் சேவைகள். ஒன்று எல்லோருக்கும் தெரிந்த நெட்ஃபிளிக்ஸ். இன்னொன்று தமிழ்ப் படங்களுக்கென்றே புதிதாக வந்திருக்கும் சின்னச் சேவை. அதை நான் கொஞ்சம் திட்டப்போவதால் பெயரை விட்டுவிடுகிறேன்.

இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாலைந்து நண்பர்கள் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள்: "டிஷ்ஷை விட்டுடலாமா? அந்தப் புதுசு நிக்காம ஓடுதா?" ஆளுக்கொரு தடவை வாட்ஸ்அப்பில் பேசி அலுத்துவிட்டது, அதனால் எழுதியே வைக்கிறேன். நான் புதுச் சேவையின் பக்கம்தான். ஆனால் முதல் ஐந்து வாரம் அதைத் திட்டாத நாளே இல்லை. பக்கம் மாறியதற்குக் காரணம் அந்தச் சேவை திருந்தியது அல்ல. அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வீட்டு நிலவரம்: டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு வீட்டின் பின்கட்டு, இரண்டு அறை. நான், மனைவி, ஒன்பது வயதுப் பையன், ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் அம்மா. லைனின் வேகம் 50 எம்பிபிஎஸ் (நொடிக்கு 50 மெகாபிட்), அன்கேப்டு, அதாவது எவ்வளவு டேட்டா வேண்டுமானாலும் இறக்கலாம்.

டிஷ்ஷைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரிமோட்டை அமுக்கினால் படம் வரும், பாஸ்வேர்டு கேட்காது. அம்மாவுக்கு அதுதான் பெரிய நிம்மதி. இந்தியா நமக்கு மூன்றரை மணி நேரம் முந்தி ஓடுவதால் அங்கே ராத்திரி எட்டு என்றால் இங்கே சாயங்காலம் நாலரை. அந்தக் கணக்கு அம்மாவுக்கு இப்போது மனப்பாடம். குறை என்றால் இரண்டு. அவர்கள் போடும் படத்தைத்தான் நாம் பார்க்க வேண்டும். அப்புறம் மழை. டர்பனில் கோடைக்கால இடிமழை சாயங்காலத்தில்தான் பிடிக்கும். டிஷ்ஷுக்கு வரும் அலைவரிசையைக் கனத்த மழை விழுங்கிவிடுவது எந்த ஊரிலும் உள்ளதுதான். சரியாகக் கதாநாயகன் கோர்ட்டில் வாயைத் திறக்கும்போது சிக்னல் போகும். மழை விட்டால் தானாக வந்துவிடும், அதற்குள் தீர்ப்பு சொல்லி முடித்திருப்பார்கள்.

நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியிலிருந்து இந்த நாட்டில் இருக்கிறது. படம் நிற்காது, தெளிவு குறையாது. புதிய பெரிய தமிழ்ப் படங்கள் வருகின்றன. பழையதைத் தேடினால்தான் கை விரிக்கும். அம்மா கேட்பது சிவாஜி, ஜெமினி காலத்துக் கறுப்பு வெள்ளை. மனைவி கேட்பது தொண்ணூறுகளின் வடிவேலு. இந்த இருவரையும் ஒரே அலமாரியில் வைத்திருப்பது அந்தப் புதுச் சேவை என்ற சின்னக் கடைதான்.

சின்னக் கடைக்கு இன்னொரு பலம் சப்டைட்டில். இங்கே வருகிறவர்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று முதலில் புரியாது. ஆன்ட்டியின் குடும்பம் இந்த ஊருக்கு வந்து நாலு தலைமுறை ஆகிறது. புரட்டாசி முழுக்க வீட்டில் கவிச்சி கிடையாது, காவடிக்குத் தவறாமல் போவார். ஆனால் தமிழில் அவருக்குத் தெரிந்தது 'வா', 'சாப்பிடு', 'தம்பி', கூடவே நான்கு பக்திப் பாட்டு. டிஷ்ஷில் படம் ஓடும்போது எங்களோடு உட்கார்ந்து எல்லோரும் சிரித்தபின் சிரிப்பார். புதுச் சேவையில் ஆங்கில சப்டைட்டில் ஓட, வடிவேலு அடி வாங்குவதற்கு ஒரு நொடி முன்னாலேயே அவர் சிரித்துவிடுகிறார். பழைய படங்கள் பலவற்றுக்கு சப்டைட்டில் இல்லை என்பது அவருடைய மனக்குறை.

சரி, முதல் ஐந்து வாரம் என்னைத் திட்டவைத்த சக்கரத்துக்கு வருவோம், படம் நின்றால் திரையில் சுற்றுமே, அது.

முதல் சனிக்கிழமை இரவு. ஆன்ட்டி பருப்பு ரொட்டி கொண்டுவந்திருக்கிறார். படம் தொடங்கி எட்டாவது நிமிடத்தில் முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்தன, அப்புறம் நடுவில் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. பதினைந்து நொடி. மறுபடி ஓடி, மறுபடி நின்றது. "தம்பி, வாட் இஸ் திஸ் சக்கரம்?" என்றார் ஆன்ட்டி. ஃபோனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 49. நெட்ஃபிளிக்ஸைத் திறந்தால் கண்ணாடி மாதிரி ஓடுகிறது. முழு ஹெச்டிக்கு 5 எம்பிபிஎஸ் போதும், 4கேக்கு 15 என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். என்னிடம் பத்து மடங்கு இருந்தும் சக்கரம் சுற்றியது.

இணைய சேவைக்காரருக்கு ஃபோன் போட்டேன். ரூட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மாறச் சொன்னார்கள். மாறினேன், காசு கட்டினேன். ஸ்பீட் டெஸ்ட் 98 காட்டியது. சனிக்கிழமை வந்தது, சக்கரமும் வந்தது.

இந்த இடத்தில்தான் நான் செய்த முட்டாள்தனம் புரிந்தது. ஸ்பீட் டெஸ்ட் தானாகத் தேர்ந்தெடுப்பது பக்கத்தில் இருக்கும் சர்வரை. டர்பனிலிருந்து டர்பனுக்கு அளந்துவிட்டு, வேகம் இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதிலேயே சர்வரை மாற்றும் வசதி உண்டு. புதுச் சேவையின் படங்கள் வருவது இந்தியாவிலிருந்து என்பதால் சென்னையைத் தேர்ந்தெடுத்து இரவு எட்டு மணிக்குப் போட்டேன்: 4. விடிகாலை ஐந்தரைக்கு: 22. லைன் அதே லைன்தான்.

கிணற்றில் நீர் இறைத்தவர்களுக்கு இது உடனே விளங்கும். நாம் மாதம் மாதம் காசு கொடுப்பது வாளியின் அளவுக்கு. ஆனால் குடம் நிறைய எத்தனை நேரம் ஆகும் என்பதைக் கயிற்றின் நீளமும் தீர்மானிக்கிறது. ஸ்ட்ரீமிங்கில் படம் ஒரே தாரையாக வருவதில்லை. சில நொடிக்கான துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, அடுத்ததைக் கேட்டு வாங்கித்தான் ஓடுகிறது. கயிறு நீளமாக இருந்து வழியில் நெரிசலும் சேர்ந்தால், ஒவ்வொரு வாளியும் மேலே வருவதற்குள் பாதி சிந்திவிடுகிறது. சிந்தியதை மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டும். வாளியை இரட்டிப்பாக்கினால் இதற்கு என்ன பலன்?

நெட்ஃபிளிக்ஸ் நிற்காத ரகசியமும் இதுதான். அவர்கள் படங்களின் பிரதியைத் தங்கள் சொந்தப் பெட்டிகளில் போட்டு, இணைய நிறுவனங்களின் கூடத்திலும், அந்த நிறுவனங்கள் தங்களுக்குள் தகவலைக் கைமாற்றிக்கொள்ளும் இணையப் பரிமாற்ற மையங்களிலும் வைத்துவிடுகிறார்கள். ஓபன் கனெக்ட் என்று பெயர். கூட்டமில்லாத நேரத்தில் அந்தப் பெட்டிகள் புதுப் படங்களை நிரப்பிக்கொள்ளும். ஜோஹன்னஸ்பர்க், கேப்டவுன், டர்பன் மூன்றிலும் நாப்ஆப்பிரிக்கா பரிமாற்ற மையம் இருக்கிறது. ஆக நாம் இறைப்பது பக்கத்து வீட்டுத் தொட்டியிலிருந்து. சின்னக் கடைக்கு அத்தனை ஊரில் தொட்டி கட்ட வசதி கிடையாது. அவர்களுடைய கிணறு கடலுக்கு அந்தப் பக்கம்.

கடலுக்குள் நேர்க் கயிறு இல்லாமல் இல்லை. டர்பனுக்கு வடக்கே ம்டுன்சினி என்ற சிறிய ஊரில் 2002இலிருந்து சேஃப் என்ற கேபிள் கரையேறியிருக்கிறது. அங்கிருந்து ரீயூனியன், மொரிஷியஸ், கொச்சி, பினாங்கு என்று போகிறது. 2009இல் அதே ஊருக்கு சீகாம் வந்தது. அதற்கு மும்பைக்கும் ஒரு கிளை உண்டு. ஆனால் கேபிள் இருப்பது வேறு, உங்கள் இணைய நிறுவனம் எந்த வழியில் இடம் வாங்கியிருக்கிறது என்பது வேறு. தகவல் எந்தெந்த ஊர் வழியாகப் போகிறது என்று காட்டும் டிரேஸ்ரூட்டை லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். வரிசையாக வந்த பெயர்களில் ஜோஹன்னஸ்பர்க், கேப்டவுன், அப்புறம் லண்டன்! லண்டன் போய் அங்கிருந்து மும்பை. திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக்கு மெட்ராஸ் வழியாகப் போன கதை. ஒரு தகவல் போய்த் திரும்ப 290 மில்லிசெகண்ட்.

ஆன்ட்டியிடம் இதை விளக்கினேன். இந்த ஊருக்கு முதன்முதலில் இந்திய ஒப்பந்தக் கூலி ஆட்களை ஏற்றி வந்த ட்ரூரோ கப்பல் 1860 அக்டோபரில் மெட்ராஸிலிருந்து கிளம்பி ஐந்து வாரத்தில் வந்து சேர்ந்தது என்றும் சொன்னேன். "அது நடுவில் நின்று சுற்றவில்லையே" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தீர்வு தென்னாப்பிரிக்காவில் சுலபம், பலருக்கு அது தெரியவில்லை. இங்கே மண்ணுக்குள் ஃபைபர் போட்ட நிறுவனம் ஒன்று, அதன்மேல் இணையம் விற்கும் நிறுவனம் வேறொன்று. வூமாடெல், ஓபன்சர்வ், ஃபிராக்ஃபுட் போன்றவர்கள் லைன்காரர்கள். ஒரே லைனில் பல இணைய நிறுவனங்கள் கடை போட்டிருக்கும். கடையை மாற்றினால் குழி தோண்ட வேண்டாம், ஆள் வர வேண்டாம். சுவரில் ஃபைபர் வந்து முடியும் ஓஎன்டி பெட்டி அப்படியே இருக்கும். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்தேன். ஒன்றாம் தேதி காலை ரூட்டரில் பழைய பயனர் பெயரை அழித்துப் புதியதைப் போட்டேன். காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. மாறுவதற்கு முன்னால் அந்தப் புதிய நிறுவனத்தின் இணைப்பை வைத்திருக்கும் அலுவலக நண்பர் வீட்டுக்குப் போய் இரவு எட்டு மணிக்கு அதே சென்னை சோதனையைப் போட்டுப் பார்த்தேன். டிரேஸ்ரூட்டில் லண்டன் இல்லை. 140 மில்லிசெகண்ட். வேகம் 30.

லைனைத் திரும்ப 50க்கு இறக்கிவிட்டேன். அதற்கப்புறம் பதினோரு சனிக்கிழமைகள் போயிருக்கின்றன; இரண்டு தடவைதான் சக்கரம் வந்தது. ஆகவே டிஷ்ஷா ஸ்ட்ரீமிங்கா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது: உங்கள் இணையக்காரர் இந்தியாவுக்கு எந்த வழியாகப் போகிறார்? ஜோஹன்னஸ்பர்க்கில் ஒருவர் புதுச் சேவையை ஆகா ஓகோ என்பார், டர்பனின் பீனிக்ஸ் பகுதியில் ஒருவர் காசு தண்டம் என்பார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். மாற முடியாதவர்களுக்கு ஒரு வழி: காலையில் எழுந்ததும் படத்தைத் தரவிறக்கி வைத்துவிடுங்கள். அந்த ஐந்து வாரத்தில் கடைசி இரண்டை நாங்கள் அப்படித்தான் ஓட்டினோம்.

மீதிச் சங்கதிகள். புதுச் சேவையின் கட்டணம் டாலரில் கழிகிறது, ராண்ட் சறுக்கினால் நம் பையும் சறுக்கும். எங்கள் டிவியின் கடையில் அந்த ஆப் இல்லாததால் தனியாக ஒரு ஆண்ட்ராய்டு ஸ்டிக் வாங்க வேண்டியிருந்தது. சந்தா போடுவதற்கு முன்னால் டிவியில் ஆப் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், நான் பின்னால் பார்த்தேன். கிரிக்கெட்டுக்கு இது ஆகாது. 4கே பற்றி என்னிடம் கேட்காதீர்கள், என் டிவி அதற்கு முந்திய தலைமுறை.

முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும் லோட்ஷெட்டிங்கில் டிஷ்ஷும் ஸ்ட்ரீமிங்கும் ஒன்றுதான், டிவி அணைந்தால் அணைந்ததுதான். ஓஎன்டிக்கும் ரூட்டருக்கும் 2023இல் எல்லோரும் வாங்கிய அந்தச் சின்ன 12 வோல்ட் பேட்டரிப் பெட்டி இருந்தால் ஃபோனிலாவது படம் ஓடும். 2024 மார்ச் கடைசியில் லோட்ஷெட்டிங் நின்று பத்து மாதம் வராமல் இருந்ததில் அந்தப் பெட்டியைப் பலர் மறந்துவிட்டார்கள். சார்ஜ் ஏறுகிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

எனக்கு அனுபவம் போதாத இடம் ஒன்று உண்டு. 2024 பிப்ரவரியில் செங்கடலில் கேபிள்கள் அறுந்தன. அடுத்த மாதமே மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரம் நாலு கேபிள் ஒரே நாளில் போயிற்று. அப்போது நாங்கள் டிஷ்ஷில் இருந்ததால், அறுந்திருப்பதே அலுவலகம் போனால்தான் தெரியும். அப்படி ஒரு வாரம் மறுபடி வந்தால் என் 140 என்ன ஆகும் என்பதை வந்தபின்தான் எழுத முடியும். அம்மாவும் அதே சந்தேகத்தில்தான் இருக்கிறார். சீரியல் இப்போது நாலரைக்கு வருவதில்லை, அத்தியாயம் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். ஐந்து மணிக்கு ஒரு தடவை, ஐந்தே காலுக்கு ஒரு தடவை "வந்துருச்சா பாரு" என்கிறார். டிஷ்ஷின் டீகோடரை நான் விற்கப் போனபோது வேண்டாம் என்றவரும் அவர்தான். பழைய சேலைத் துணியில் சுற்றி, ரிமோட்டை ரப்பர் பேண்ட் போட்டு மேலே கட்டி, அலமாரியின் உச்சித் தட்டில் வைத்திருக்கிறார்.