சேசிஸ் பளபளக்கிறதா? முன்சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள்

காசிமேட்டில் படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கிறேன். அவுட்போர்டு இன்ஜினை ஏற்றிக்கொண்டு பழவேற்காடு வரை போக ஒரு வண்டி வேண்டும். ஞாயிற்றுக்கிழமையானால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சுற்றவும் அதுவே வேண்டும். குட்டி யானையில் முதல் வேலை நடக்கும், இரண்டாவது நடக்காது. அதனால் ரொம்ப நாளாக இசுசு வி-கிராஸ் பிக்கப் மேல்தான் கண்.

2024 ஜூலையில் ஒரு புரோக்கர் 2017 மாடல் காட்டினார். ஒரே ஓனர், ஒன்பதே முக்கால் லட்சம். குனிந்து பார்த்தால் சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், கருகருவென்று மின்னியது. "கடல் காத்துக்குத் துரு புடிக்கக் கூடாதுன்னு ஓனர் கோட்டிங் அடிச்சிருக்காருண்ணே" என்றார். மயங்கிவிட்டேன். தினம் உப்பில் ஊறிய இன்ஜினைக் கழற்றுகிறவன் நான், என்னத்தைச் சொல்ல! மிக்ஜாம் புயலின்போது வண்டி எங்கே நின்றது என்றும் கேட்டேன். "மாதவரம் ஷெட்டை விட்டு நகரவே இல்லண்ணே."

பதினைந்தே நாள். பழவேற்காட்டு மணலில் பின்சக்கரம் புதைந்தது. ஃபோர் வீல் டிரைவ் குமிழைத் திருப்பினால் விளக்கு கண்ணடிக்கிறது, முன்சக்கரம் அசையவில்லை. வலை இழுக்கிற ஆட்கள்தான் கயிறு கட்டி இழுத்துவிட்டார்கள்.

தண்டையார்பேட்டை மெக்கானிக் பின் டிஃபரென்ஷியல் (பின் அச்சிலுள்ள கியர் பெட்டி) போல்ட்டைக் கழற்றியதும் ஆயில் டீ நிறத்தில் கொழகொழவென்று இறங்கியது. தண்ணீர் கலந்தால்தான் அப்படி வரும். அப்புறம் டிரைவருக்குப் பக்கத்தில், அதிகம் ஆள் உட்காராத முன்சீட்டின் பெல்ட்டை முழுக்க இழுத்தார். கடைசி ஒரு சாண் கறுப்பு. விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. "அண்ணே, இது வெறும் மழைத்தண்ணி இல்ல" என்றார். 2023 டிசம்பரில் எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வீட்டுச் சுவரெல்லாம் கோடு போட்டதே, அந்தக் கோடுதான் பெல்ட்டிலும். சேசிஸை ஸ்பானரால் தட்டினோம். கோட்டிங்கோடு துருவும் அப்பளம் மாதிரி உதிர்ந்தது.

இதில் வயிறெரிகிற விஷயம் வேறு. பழைய இன்சூரன்ஸ் நகல் முதல் நாளிலிருந்தே என் கையில் இருந்தது. ஐந்து வருஷம் கிளைம் வாங்காத ஓனருக்கு நோ கிளைம் போனஸ், அதாவது பிரீமியத்தில் தருகிற தள்ளுபடி, 50 சதவீதம் இருக்க வேண்டும். 2024 ஜனவரியில் புதுப்பித்த அந்தக் காகிதத்தில் சைபர், அப்படியென்றால் அதற்கு முன்னால் கிளைம் வாங்கியிருக்க வேண்டும். அந்த ஒரு கட்டத்தைப் பார்த்திருந்தால் அட்வான்ஸே கொடுத்திருக்க மாட்டேன்.

ஆர்சியையும் அப்போது சரியாகப் படிக்கவில்லை. மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவதுதான் ஏற்றக்கூடிய பாரம், அதில் உட்காருகிற ஆட்களும் சேர்த்தி. வண்டியின் உருவத்தைப் பார்த்து டன் கணக்கில் கனவு காணாதீர்கள்.

இதுவரை ரிப்பேருக்கு 1,40,000 ரூபாய். புரோக்கர், "பாத்துத்தானே எடுத்தீங்க" என்றார், அதோடு என் போனை எடுப்பதில்லை. போன வாரம் கடைப்பையன் நம்பரிலிருந்து கூப்பிட்டேன். "சொல்லுங்கண்ணே, பிக்கப்பா? ஒரே ஓனர் வண்டி ஒண்ணு வந்திருக்கு" என்று ஆரம்பித்தார்.