வட்ட மேளமா, மோகனக் கட்டையா: மாற்றுத்திறனாளிகளுடன் கூடி இசைக்க எது ஏற்றது?

மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் ஒரே கூடத்தில் அமர்ந்து இசைக்கும் அமர்வை நடத்த முன்வருவோர் பெரும்பாலும், எல்லோரும் வட்டமாக அமர்ந்து ஒருசேர மேளம் தட்டும் வட்ட மேளத்தையே முதலில் நாடுகிறார்கள். பறையோ, டோலக்கோ, கஞ்சிராவோ, எதுவாயினும் தட்டினால் ஒலிக்கும், முன்பயிற்சி வேண்டியதில்லை. செவித்திறன் குறைந்தவர்கள் தோலின் அதிர்வைக் கையாலும், மரத்தரையின் அதிர்வைப் பாதத்தாலும் உணர முடியும். செவித்திறனைப் பெருமளவு இழந்த ஸ்காட்லாந்துத் தாளக் கலைஞர் எவலின் கிளெனி, அதிர்வை உணர்வதற்காகவே வெறுங்காலுடன் வாசிக்கிறார்.

ஆனால் இருபது மேளங்கள் ஒருசேர முழங்கும்போது, ஆட்டிசம் உள்ள சிலருக்கு அந்தப் பேரொலி வலியாகவே மாறிவிடுகிறது. காதடைப்பானும் கதவருகே ஓர் இருக்கையும் தராமல் அவர்களை வட்டத்தில் அமர்த்துவது கொடுமை. மற்றொரு குறை எளிதில் கண்ணில் படாது: கை தாமதமாக அசையும் ஒருவர் தட்டினாரா இல்லையா என்பதே அந்த முழக்கத்தில் தெரியாமல் போய்விடும்.

இந்த இடத்தில்தான், வரிசையாக அடுக்கிய கட்டைகளைக் கோலால் அடித்து இசைக்கும் சைலோஃபோன் எனக்கு மேலாகப் படுகிறது. ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃபும் குனில்ட் கீட்மனும் குழந்தைகளுக்காக உருவாக்கிய முறையில், அதன் கட்டைகளைத் தனித்தனியே கழற்றலாம். ஏழு சுரங்களில் மத்தியமத்தையும் (ம) நிஷாதத்தையும் (நி) எடுத்துவிட்டால் மிஞ்சுவது ச, ரி, க, ப, த. அதாவது நம் மோகன ராகம். யார், எப்போது, எந்தக் கட்டையை அடித்தாலும் காதை உறுத்தாது. பெருமூளை வாதத்தால் விரல்கள் இறுகிய ஒருவருக்கு ஒரே ஒரு கட்டையை மட்டும் விட்டுவைத்து, கோலின் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கி, வாத்தியம் நகராதபடி அடியில் ரப்பர் விரிப்பைப் போட்டால் போதும். நடத்துபவர் கைகாட்டிவிட்டு மனத்துக்குள் பத்துவரை எண்ணிக் காத்திருக்க வேண்டும். கோல் மெல்ல எழும், தயங்கும், பிறகு பஞ்சமக் (ப) கட்டையில் விழும். அந்த ஒற்றை ஒலியைக் கூடம் முழுவதும் கேட்கும்.

சேர்ந்து பாடுவதற்குச் செலவில்லை என்றாலும், பேச இயலாதவர்களை அது வெறும் கேட்போராக்கிவிடுகிறது. எனவே தொடக்கத்தில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரவேற்கும் பாட்டாக மட்டும் அதை வைத்து, பேசாதவர் கையில் பதிவுசெய்த குரலை ஒலிக்கும் பொத்தான் ஒன்றைத் தரலாம்.

சைலோஃபோனின் விலை அதிகம்; அதன் அதிர்வும் மேளத்தளவு உடலை எட்டாது. ஆகவே அமர்வின் பெரும்பகுதியைக் கட்டைகளுக்கு ஒதுக்கி, அதிர்வை நாடுவோர் உள்ளங்கையைப் பதித்துக்கொள்ள ஒரு பெரிய மேளத்தை அருகிலேயே வைப்பது நல்லது. முழு வட்ட மேளத்தைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு, முன்கூட்டியே அறிவித்துவிட்டுத் தொடங்கினால், பேரொலி ஒவ்வாதவர்கள் பதறாமல் எழுந்து வெளியே செல்ல நேரம் கிடைக்கும்.