புலித் தலைக்கு எந்தச் சட்டகம்? ஸ்பாஞ்சா, காகிதக்கூழா, மூங்கிலா, முப்பரிமாண அச்சா?

பள்ளி நாடகத்துக்காக வீட்டிலேயே புலித் தலை செய்ய முனைவோர் பெரும்பாலும் ரோமத் துணியைத்தான் முதலில் தேடிப் போகிறார்கள். ஆனால் முகத்தின் அமைப்பையும் அணிபவரின் மூச்சையும் பார்வையையும் தீர்மானிப்பது துணிக்குள் மறைந்திருக்கும் சட்டகமே. ஆதலால் அதை முடிவு செய்த பிறகு துணி வாங்குவதுதான் முறை.

முதன்முறை செய்பவருக்கு நான் தயங்காமல் சொல்வது ஸ்பாஞ்சு. சோபா தைக்கும் கடைகளில் கிடைக்கும் ஓர் அங்குல ஸ்பாஞ்சை வாங்கி, அணிபவரின் தலைக்குப் பொருந்தும் மங்கி கேப்பின் மேல் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டே போனால் மண்டையும் கன்னமும் மூக்கும் எழும்பிவிடும். கன்னம் புடைத்துப்போனால் கத்தரியால் சீவலாம், மூக்கு சப்பையாக இருந்தால் இன்னொரு துண்டை ஒட்டலாம். கண் துளையைக்கூடக் கடைசியில் இடம் பார்த்து வெட்டலாம். பிழை திருத்த இவ்வளவு இடம் தரும் பொருள் வேறில்லை. கீழே விழுந்தாலும் உடையாது.

அதன் பெருங்குறை வியர்வை. ஸ்பாஞ்சு வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சரியாக உலராவிட்டால் நாற்றம் எடுக்கும். உள்ளே தனியாக ஒரு மெல்லிய பருத்திக் குல்லாவை அணிந்து, ஒவ்வொரு முறையும் அதைத் துவைத்துவிட்டு, புலித் தலையைக் கவிழ்த்து மின்விசிறியின் கீழ் உலர்த்த வேண்டும். ஸ்பாஞ்சுத் துண்டுகளை ஒட்டும் ரப்பர் பசையை வீட்டுக்குள் பூசக் கூடாது. அதன் நெடி முற்றிலும் அடங்கும்வரை யாரும் தலையை மாட்டிப் பார்க்கவும் கூடாது.

செலவில் மிகக் குறைந்தது காகிதக்கூழ். களிமண் அச்சின் மேல் பழைய செய்தித்தாளை மைதாப் பசையில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டுகிறோம். அச்சுக்குப் பதில் பலூனை வைத்தால் வெயிலில் காயும்போது விரிந்து வெடிக்கலாம். ஓர் அடுக்கு நன்கு காய்ந்த பின்பே அடுத்தது என்பதால் மழைக்காலத்தில் வேலை நாள்கணக்கில் இழுக்கும். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பது பழைய வழக்கம். அது நஞ்சு என்பதால் மூக்கருகே வரும் பொருளில் அறவே வேண்டாம். ஓடு தலையைத் தொடாமல் சற்று விலகி நிற்பதால் உள்ளே காற்றோட்டம் உண்டு. ஆனால் உட்புறம் வார்னிஷ் பூசாவிட்டால் வியர்வை ஈரத்தில் ஓடு இளகிவிடும்.

காற்றுக்கு மூங்கில் பிளாச்சுக் கூட்டை மிஞ்ச எதுவும் இல்லை. எனினும் பிளாச்சை ஊறவைத்து, அனல் காட்டி வளைத்து, நூலால் இறுக்கிக் கட்டும் கைப்பழக்கம் ஒரு வாரத்தில் வருவதன்று. புலியின் மூக்கு, கன்னம் போன்ற நுண்ணிய மேடுபள்ளங்களையும் அதில் கொண்டுவருவது கடினம்.

முப்பரிமாண அச்சில் (3டி பிரிண்டிங்) இடக் கன்னமும் வலக் கன்னமும் பிசகாமல் ஒத்திருக்கும்; ஒரே தலையைப் பத்துப் பேருக்குச் செய்யவும் ஏற்றது. அச்சிடும் முன் அணிபவரின் தலைச் சுற்றளவோடு உள்மெத்தைக்கும் இடம் சேர்த்து அளவு கொடுக்க வேண்டும், ஏனெனில் அச்சான பின் கூட்டவும் குறைக்கவும் வழியில்லை. அச்சிடப் பரவலாகப் பயன்படும் பி.எல்.ஏ. என்னும் பிளாஸ்டிக் இழை ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்குவதால், சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்த தலை கோணிப்போகக்கூடும்.

அணிபவர் வாய் திறந்தால் புலியும் வாய் திறக்க வேண்டுமென்றால், கீழ்த்தாடையையும் கீலையும் மட்டும் அச்சிட்டு, மண்டையை ஸ்பாஞ்சில் எழுப்பி, தாடையை எலாஸ்டிக் பட்டையால் அணிபவரின் மோவாயோடு பிணைப்பதே என் தேர்வு.